துவையலில் வைத்த மருந்து

பங்கஜத்துக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்தால் போதும்; மீதியும் தெரிகிறவரை சோறு இறங்காது. எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கு ஏன் குடையில்லாமல் ஆபீசுக்குப் போகிறார், பால்காரன் ஏன் மாட்டை மாற்றினான், மாடிக் குடித்தனக்காரி அழுத கண்ணோடு தண்ணீர் பிடித்தாளே, அது மாமியாராலா புருஷனாலா, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் தானே போய்க் கேட்டுவிடுவாள். அவள் புருஷன் தனபாலன் அவளுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி.

இந்தச் சி.ஐ.டி. சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். தனபாலன் பனகல் பார்க் பக்கத்திலிருந்த தன் துணிக்கடையை அடைத்துவிட்டு எந்த வழியாக நடக்கிறான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துச் சாராயக் கடையில் யாரோடு உட்காருகிறான், வாடை தெரியாமலிருக்க வெற்றிலையோடு ஓமம் சேர்த்து மெல்லுகிறான் என்பது வரை துப்பு எடுத்து வைத்திருந்தாள். அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதுதான் கிடையாது. ஊரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறவளுக்குப் புருஷனிடம் மட்டும் நாக்கு எழவில்லை. பார்க்கப் போனால் அந்த வீட்டில் யாருக்குமே எழவில்லை. மகன் தள்ளாடி வந்தால் அவன் அம்மா சிவகாமி, "பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கிடலை" என்று சொல்லிப் பாயை விரித்துவிடுவாள். மார்கழி மாதமானாலும் அதே வெயில்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்து அரைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்த நாட்டு வைத்தியர் பங்கஜத்தைத் தனியே கூப்பிட்டு, குடியை விடாவிட்டால் அடுத்த தடவை ஆள் தேறாது என்று சொல்லிவிட்டுப் போனார். தனபாலன் எழுந்து நடமாடினான், கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தான், பிறகு மறுபடி ஓமம் மெல்ல ஆரம்பித்தான். வைத்தியர் சொன்னதைப் பங்கஜம் மறக்கவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. இவனும் போய்விட்டால் அவளுக்கு யார்? அது மட்டுமல்ல. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. குடிகாரனைப் பிடிக்குமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பின்வீட்டு ஹாஜிரா பீ ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவர்தான் இருவருக்கும் பேச்சு மேடை.

"இன்னாத்துக்கு மனசுக்குள்ளயே வச்சிகினு பொசுங்கறே? அவரை ஒரு டாக்டராண்ட இட்டுகினு போயேன்" என்றாள் ஹாஜிரா பீ.

"டாக்டர்கிட்டப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும். அத்தை உயிரை விட்டுருவாவ. குடிக்குத ஆளுக்கே தெரியாம குடுக்குத மருந்து ஏதும் உண்டா, அதைச் சொல்லுங்க."

ஹாஜிரா பீ யோசித்தாள். "சைதாப்பேட்ட மார்க்கெட்டாண்ட ஒர்த்தர் கீறார்னு சொல்லிக்கிறாங்க. நான் பாத்ததில்ல. நல்லவரோ கெட்டவரோ, அதுவும் தெரியாது."

அடுத்த நாள் காலை, புருஷன் கடைக்குப் போனதும், கண்ணாடி வளையல் வாங்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு இருவரும் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்கினார்கள். அத்தை என்றால் மாமியார்தான். பங்கஜத்தின் அப்பாவோடு பிறந்தவள் என்பதால் சிறுவயதிலிருந்தே அத்தை. தனபாலனும் அந்த உறவில் அத்தான்.

மருந்துக்காரர் பெயர் பஞ்சாட்சரம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், கலர் கலரான சீசாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பங்கஜம் சும்மா வாங்கிக்கொண்டு வருகிறவளா? பொடியில் என்ன சேர்கிறது, எந்தக் கடையில் வாங்குகிறார், கசக்குமா, புளிக்குமா, எத்தனை பேர் குணமாகி இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"அம்மா, நீ இன்னா போலீசா?" என்றார் பஞ்சாட்சரம். "மத்தியானச் சோத்துல கொஞ்சம் கலந்துடு. சாயந்திரம் சாராய நெடி பட்டாலே கொடலைப் பெரட்டும். நாலு வாட்டி பெரட்டினா அஞ்சாவது வாட்டி கடைப் பக்கமே போமாட்டாரு."

"வீட்டுல வேற யாராவது தெரியாமச் சாப்பிட்டா?"

"குடிக்கிறவன் வயித்துலதான் அது வேலை செய்யும். குடிக்காதவங்க சாப்ட்டா பச்சத்தண்ணி மாரி. ஒண்ணும் பண்ணாது."

அது எப்படி என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் பயத்தில் இருப்பவர்களுக்குச் சாதகமான பதில் கிடைத்தால் மேலே கேட்க மனம் வராது. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்ற பெயர் ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால் பிறகு எந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. அதனால் மறுநாள் அம்மியில் பருப்புத் துவையல் அரைக்கும்போது, தனபாலன் பங்கை மட்டும் தனியே எடுத்து அதில் பொடியைப் பிசைகையில் ஒரு கண்ணை அடுக்களை வாசல் மேலேயே வைத்திருந்தாள்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு முறையை இங்கே சொல்லியாக வேண்டும். மத்தியானம் தனபாலன் வந்து உட்காருவான், பங்கஜம் பரிமாறுவாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உடனே கடைக்குக் கிளம்பிவிடுவான். அப்புறம் அத்தை. எல்லாருக்கும் கடைசியில், தனபாலன் சாப்பிட்ட அதே இலையில் பங்கஜம் உட்காருவாள். புருஷன் இலையில் மிச்சம் வைத்ததுதான் பெண்டாட்டிக்கு முதல் கவளம். மனசில்லாத புருஷன் இலையை வழித்துவிட்டு எழுந்திருப்பான். தனபாலன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பாதி அப்பளமோ ஒரு துண்டு வடையோ ஓரத்தில் இருக்கும். அவன் வாய்விட்டுப் பிரியமாகப் பேசுகிற ஆளில்லை. அந்த ஓரத்தில் இருப்பதுதான் பேச்சு என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் துவையலில் பாதியைச் சாப்பிட்டுப் பாதியை வைத்திருந்தான். மருந்து உள்ளே போய்விட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். மிச்சத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. குடிக்காதவளுக்குப் பச்சைத்தண்ணீர்தானே! சாப்பிட்டாள். லேசாக இரும்பை நக்கியது போல ருசித்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. தேங்காய் முற்றல் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தனபாலன் துவையலை நகத்தளவு கிள்ளி வாயில் வைத்தான். ஒரு கணம் நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு உருண்டையை அப்படியே இலையின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்கு மறுநாளும் அப்படியே. பங்கஜத்துக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பிரியமா இந்த மனுஷனுக்கு! பிடித்த துவையலைத் தொடாமல் எனக்கென்று வைத்துவிட்டுப் போகிறானே! அந்த நகத்தளவு மருந்தே அவனுக்குப் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் பிசைந்து சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். குடலே வெளியே வந்துவிடும்போல இருந்தது.

மூன்றாம் நாள் அத்தை அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு, காதோடு ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம், அந்த மாதம் கொஞ்சம் தள்ளித்தான் போயிருந்தது. சிவகாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பங்கஜம் வாயில் சீனியைக் கொட்டினாள், பூஜை அறைக்கு ஓடினாள், தெருவில் போன யாரையோ பிடித்துக் கடைக்கு ஆள் அனுப்பினாள். பங்கஜத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பத்து வருஷம்! எத்தனை கோயில், எத்தனை பேருடைய குத்தல் பேச்சு!

தனபாலன் ஓடி வந்தான். அடுக்களை வாசலில் நின்று அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வாந்தி எப்போ எடுத்தே?" என்றான்.

"மூணு நாளா எடுக்கா, மத்தியானம் சாப்பிட்ட கையோட" என்று அத்தை முந்திக்கொண்டு சொன்னாள்.

அவன் வந்த வழியே கடைக்குத் திரும்பிப் போனான். அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான். ஓம வாசனை இல்லை. மறுநாளும் இல்லை. பிள்ளை வரப் போகிறது என்றதும் திருந்திவிட்டான் பார், என்று அத்தை பூரித்துப் போனாள். பங்கஜமும் பொடியை நிறுத்திவிட்டாள். திருந்தியவனுக்கு எதற்கு மருந்து?

பொடியை நிறுத்தியதும் அவளுக்கு வாந்தியும் நின்றுவிட்டது.

வேறு யாராவதாக இருந்தால் அப்பாடா என்று இருந்திருப்பார்கள். பங்கஜத்தால் முடியுமா? பிள்ளை உண்டானவளுக்கு வாந்தி ஏன் இப்படிக் கத்தரித்தது போல நிற்க வேண்டும்? ஏன் காலையில் வராமல் மத்தியானம் மட்டும் வந்தது? இன்னொரு கேள்வியும் அவளைக் குடைந்தது. குடியை விட்டவன் முகம் தெளிய வேண்டுமே! இவன் என்னவென்றால் நாளுக்கு நாள் உருக்குலைந்தான். வியர்த்துக் கொட்டியது. துணியைக் கிழிக்கக் கத்தரிக்கோலை எடுத்தால் கை ஆடியது. வேட்டியில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான். அவள் குனிந்து பார்த்தால் ஒரு எறும்பும் இல்லை.

சுவரோரம் போய் ஹாஜிரா பீயிடம் கொட்டினாள்.

"லஸ்ல ஒரு லேடி டாக்டர் கீறாங்க" என்றாள் ஹாஜிரா பீ. "என் நாத்தனார் மவன் அபின் சாப்ட்டு சாப்ட்டு எலும்பா போய்ட்டான். அந்தம்மாதான் கட்டில்ல போட்டு நல்லா ஆக்கினாங்க."

"இதை முதல்லயே சொல்லப்பிடாதா?"

"டாக்டரே வாணாம்னு யார் சொன்னது? தெரியாம குடுக்கற மருந்துதானே நீ கேட்டே?"

பங்கஜம் அன்றைக்கே லஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

டாக்டர் கிரேஸ் துரைராஜின் வீட்டு முன்பக்கம் டிஸ்பென்சரி; பின்பக்கம் சில கட்டில்கள் போட்ட ஒரு நீள அறை. பங்கஜம் வாயைத் திறந்ததுமே டாக்டர், "நீ எந்த ஊரு? பாளையங்கோட்டையா? நான் நாசரேத்துப் பக்கம்" என்றாள். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் பங்கஜம் பொலபொலவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் அவளைச் சோதித்துப் பார்த்தாள். பொட்டலத்தையும் பிரித்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"இது வாந்தி எடுக்க வைக்குத உப்பு. குடிச்சவன், குடிக்காதவன்னு அதுக்குத் தெரியாது. நல்லவேளை, நிறுத்தினே."

"அப்போ பிள்ளை?"

"இல்லைம்மா. கவலையாலயும் நாள் தள்ளிப்போகும்."

பங்கஜத்துக்கு அழக்கூடத் தோன்றவில்லை. பிறக்காத பிள்ளைக்கு மனசுக்குள் பெயர் வரை வைத்திருந்தாள். பிறகு, "அத்தான் அந்தப் பிள்ளைக்காகத்தான் குடியை விட்டிருக்காவ. இல்லேன்னு தெரிஞ்சா நேரே சாராயக் கடைக்குத்தான் போவாவ" என்றாள்.

"விட்டதும்தான் இப்போ ஆபத்து" என்றாள் டாக்டர். "வருஷக்கணக்கா குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் நடுங்கும். இல்லாத எறும்பு தெரியும். அடுத்தது வலிப்பு வரும். உயிரே போனவங்க உண்டு. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துரு. இங்க படுக்க வச்சு ஊசி போட்டு, தூங்க வச்சு, சாப்பிட வச்சு உடம்பைத் தேத்திரலாம்."

"கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிர மாட்டியளே?"

"அவருக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? இது சீக்கு. ஆனா ஒண்ணு. அவருக்குத் தெரியாம வைத்தியம் பண்ண நான் சைதாப்பேட்டைக்காரர் இல்லை. விஷயத்தை அவருக்கு நீதான் சொல்லணும்."

மறுநாள் காலை, பிள்ளை உண்டான விஷயமாக லேடி டாக்டர் புருஷனையும் பார்க்க வேண்டுமென்று சொன்னதாக ஒரு பொய் சொல்லி, ரிக்‌ஷாவில் தனபாலனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அத்தை திருநீறு பூசி அனுப்பினாள். தேனாம்பேட்டையைத் தாண்டும்வரை பங்கஜம் யோசித்துக்கொண்டே வந்தாள். எப்படிச் சொல்வது, முதலில் பிள்ளையைச் சொல்வதா, மருந்தைச் சொல்வதா? சொன்னதும் எழுந்து ஓடிவிட்டால் அவனைப் பிடித்து நிறுத்த அவளால் ஆகுமா? ஓடினால் போயே போய்விடுவான். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அவர்களைக் கட்டில் அறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பங்கஜம் தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள்.

"பிள்ளை இல்லை அத்தான். துவையல்ல உங்களுக்கு மருந்து வச்சேன். அதை நான் தின்னுட்டேன். அதான் வாந்தி."

"தெரியும்" என்றான் தனபாலன்.

அவள் நிமிர்ந்தாள்.

"முதல் நாளே கடைக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். ருசியை வச்சு நீ என்னமோ வச்சிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதான் மறுநாள் தொடாம இலையில வச்சேன். கண்டுபிடிச்சிட்டேன்னு நீ தெரிஞ்சுக்கிட்டுத் தூரப் போட்டுருவேன்னு நினைச்சேன். நீ அதைச் சாப்பிடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பத்து வருஷமா நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லையட்டி."

"அத்தை சீனி குடுத்தாவளே, அப்போ?"

"மத்தியானம் சாப்பிட்ட கையோடன்னு அம்மா சொன்னதுமே விளங்கிட்டு."

"விளங்கியுமா பேசாம இருந்திய?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா, மருந்து ஏன் வச்சேன்னு பேச்சு வரும். குடியைப் பத்திப் பேசணும். அதுக்குப் பயந்துட்டேன். நீ சிரிச்சுக்கிட்டு நிக்கே, நான் பாத்துக்கிட்டே நிக்கேன். சீ, நாமளும் ஒரு மனுஷனான்னு ஆயிட்டு. அன்னையிலேருந்துதான் குடிக்கலை. பிள்ளைக்காக இல்லை."

பங்கஜத்துக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வாரம்! அந்த ஒரு வாரமும் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாளே! ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பாள். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அவன் கை கட்டில் கம்பியில் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. தானும்தான் அவனிடம் ஒரு சொல் கேட்டதில்லை என்பது அவளுக்கு மெள்ள உறைத்தது.

கோபம் தணியவில்லை. ஆனாலும் அவள் திரும்பினாள்.

"அத்தான், அது எப்படி இருக்கும்?"

"எது?"

"சாயங்காலமானா அங்க போகணும்னு வருமே, அது."

அவனை யாரும் அதைக் கேட்டதில்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தவன் போல விழித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"தாகம்னு எல்லாரும் நினைக்காவ. தாகம் இல்லை. வெளியூருக்குக் கிளம்பிப் பாதி வழியில, வீட்டைப் பூட்டினோமா இல்லையான்னு ஒரு சந்தேகம் வந்தா எப்படி இருக்கும்? பூட்டியிருப்போம்னு புத்திக்குத் தெரியும். இருந்தாலும் திரும்பிப் போயிப் பாத்தாத்தான் அடங்கும். அந்த மாதிரி."

"போயிப் பாத்தா அடங்குமா?"

"அன்னைக்கு அடங்கும்."

பங்கஜம் திகைத்துப் போனாள். ஏதோ அசுரத்தனமான ஒன்றை எதிர்பார்த்திருந்தாள். இது அவளுக்குத் தெரிந்ததுதானே! பாதி தெரிந்த விஷயம் மீதியும் தெரிகிறவரை நெஞ்சில் நின்று அரிக்குமே, அதுதானே இது! அவளுக்கு அது ஊர்வம்பாக வந்தது. அவனுக்குச் சாராயமாக வந்திருக்கிறது.

"எனக்கு அது பிறந்ததிலேருந்தே இருக்கே, அத்தான்" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண் நிறைந்தது.

கதவைத் தட்டிவிட்டு டாக்டர் உள்ளே வந்தாள். "சொல்லியாச்சா? யாருக்கு என்ன செய்யுது?" என்று பொதுவாகக் கேட்டாள்.

பங்கஜத்துக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்த அறையில் அவள் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

தனபாலன் நடுங்குகிற கைகளை மடியில் கோத்துக்கொண்டான். "எனக்குத்தாம்மா. நான் குடிக்கேன். என்னால விட முடியலை" என்றான்.

டாக்டர் ஊசியை எடுத்து வரப் போனாள். பங்கஜம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். அவனிடம் கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது.